பதினாலு கவடு தூரத்திலை ஒரு மான்

என்ரை மனுசன் றெமிஜியஸ் வில்லும் அம்பும் கொண்டு மான் வேட்டைக்குப் போறவர். சொன்னால் சனம் சிரிக்கும். பூசை முடிஞ்சு வெளியிலை நிக்கேக்கை, "என்ன அன்ரனெற், உங்கடை ஆளுக்கு வனவாசமோ?" எண்டு கேப்பினம். கேக்கட்டும். இருவத்திரண்டு வருஷமா மிசிசாகாவிலை, எயார்போட் கார்கோவிலை பெட்டி தூக்கிற மனுசன். கதை குறைவு. கலியாண வீட்டிலை நாலு பேர் கூடி அரசியல் கதைக்கத் தொடங்கினால் இவர் மெல்ல எழும்பிப் போய் கதிரை அடுக்குவார். குடி இல்லை, காட்ஸ் இல்லை, ஊர்ச்சங்கம் இல்லை. வில்லு ஒண்டுதான்.

அதுவும் கப்பி பூட்டின புதுமாதிரி வில்லு இல்லை. அதெண்டால் இழுத்து முடியப் பாரம் குறைஞ்சிடுமாம், குறி பாக்கவும் எல்லாச் சாமானும் இருக்குமாம். இவரின்ரை வெறும் மரவில்லு. கூட வேலை செய்த ஒருத்தன் வன்கூவருக்கு மாறிப் போகேக்கை குடுத்திட்டுப் போனது. இழுத்துப் பிடிச்சால் நாப்பத்தைஞ்சு றாத்தல் பாரமும் விரலிலையும் முதுகிலையும்தான். குறி பாக்கிறதுக்கு ஒண்டும் இல்லை, கண்ணும் கையும்தான் பழகவேணும்.

"உதென்ன கரைச்சல், கப்பி வில்லை வாங்குங்கோவன்" எண்டு ஒருநாள் கேட்டன்.

"அதிலை நான் எய்யிறன் எண்டு எனக்குத் தெரியேல்லை அன்ரா. மெஷின் எய்யிற மாதிரி இருக்கு" எண்டார். அவருக்கு அது பெரிய பேச்சு.

நான் ஆரெண்டும் சொல்லவேணும். நான் டிரைவிங் பழக்கிறனான். மில்லிக்கன், மார்க்கம் பக்கத்திலை என்னட்டை ஏச்சு வாங்காத தமிழ்ச் சனம் குறைவு. எனக்குப் பொறுமை இல்லை எண்டு எல்லாருக்கும் தெரியும். எண்டாலும் வருவினம், ஏனெண்டால் பாஸ் பண்ணுவினம். என்ரை காரிலை நான் இருக்கிற பக்கத்திலையும் ஒரு பிரேக் இருக்கு. பதினெட்டு வருஷமா அதை மிதிச்சு மிதிச்சு என்ரை வலது முழங்கால் போச்சு.

போன வருஷம் நடந்ததுக்கு நான்தான் காரணம். இதை வாயாலை சொல்ல எனக்குக் கனகாலம் எடுத்தது.

எங்கடை ஆக்களுக்கு இறைச்சி எண்டால் பங்குதான். நாலைஞ்சு வீடு சேந்து ஒரு ஆட்டை எடுத்து, ஈரல், தொடை, எலும்பு எல்லாத்தையும் சமனாப் பிரிச்சு, கூறு கூறா வைச்சு எடுக்கிறது. கனடாவுக்கு வந்தும் அந்தப் பழக்கம் எங்களை விடேல்லை. இவர் அதுக்கு முதல் வருஷம் ஒரு மான் எய்து, நான் சரக்குத்தூள் போட்டுப் பிரட்டல் கறி வைச்சு நாலு வீட்டுக்குக் குடுத்தனான். அது போதும். அடுத்த ஒக்ரோபர் பிறக்க முதலே ஆளுக்காள் கேக்கத் தொடங்கிச்சினம். எனக்கும் பெருமைப் புழுகம்தானே! வட்ஸப்பிலை "மான் பங்கு" எண்டு ஒரு குறூப் தொடங்கி, ஒம்பது வீட்டை அதுக்குள்ளை சேர்த்து, பங்குப் பட்டியலும் போட்டன். மான் காட்டிலை நிண்டு சும்மா புல்லுத் தின்னுது. இஞ்சை தவமணி அன்ரி ஈரல் தனக்கெண்டு எழுதிப்போட்டா. தவமணி அன்ரி என்னட்டைப் பழகி மூண்டுதரம் றோட் ரெஸ்ட் பெயில் விட்டவ, அவவுக்கு ஈரல்!

இவர் பட்டியலைப் பாத்தார். "இன்னும் எய்யேல்லையே அன்ரா" எண்டார்.

"எய்வியள்தானே" எண்டன் நான்.

அக்ஸ்பிரிட்ஜ் தாண்டி ஜெயரட்ணம் அண்ணைக்கு ஒரு தோட்டம் இருக்கு. கத்தரி, மிளகாய், பயித்தை எல்லாம் போட்டிருக்கிறார். அரைவாசியை மான்தான் தின்னும். அதாலை இவரை வா வா எண்டு கூப்பிடுவார். போன நவம்பரிலை ஒரு சனிக்கிழமை பின்னேரம், வெளிச்சம் மங்குற நேரம், ஒரு கொம்பன் மான் வந்து நிண்டிருக்கு. காலை எட்டி வைச்சு அளந்தால் முப்பத்தைஞ்சு கவடு தூரம். மரவில்லுக்கு அது கூடத் தூரம், இவருக்கே தெரியும். எய்திட்டார். அம்பு நெஞ்சுக்கூட்டிலை படேல்லை, வயித்திலை பட்டுது. மான் ஓடிட்டுது.

மூண்டு நாள் தேடினம். இவர் வேலைக்கு லீவு போட்டார். நான் வகுப்பெல்லாம் கான்சல் பண்ணிப்போட்டு, ஜெயரட்ணம் அண்ணையின்ரை றப்பர் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு முள்ளுப் பத்தையெல்லாம் குனிஞ்சு பாத்தன். துலைஞ்ச சாமானைக் காட்டிக் குடுக்கிற அந்தோனியாருக்கு நேர்த்தியும் வைச்சன். அம்பு மட்டும் கிடைச்சுது. மான் கிடைக்கேல்லை. வயித்திலை பட்ட மான் உடனை சாகாது, எங்கையாவது போய்ப் படுத்துக் கிடந்து, கன நேரம் கிடந்துதான் சாகும். அதை இவர் எனக்குச் சொல்லேல்லை. நான் பேந்து போனிலை தேடி வாசிச்சன். வாசிச்சிருக்கக் கூடாது.

அதுக்குப் பிறகு வில்லு நிலவறையிலை தூங்கிச்சுது. கேட்டால் தோள்மூட்டு நோகுதெண்டார். நானும் நம்பினன். ஓகஸ்ட் மாசம் ஒரு ஞாயிறு, "சும்மா ஒருக்கா வாங்கோ" எண்டு இழுத்துக்கொண்டு ஈ.ரி. சீற்றன் பாக்குக்குப் போனன். அங்கை ஆரும் போய் வில்லுப் பழகலாம். இவர் பத்து அம்பு எய்தார். பத்தும் பத்துத் திசையிலை. ரெண்டு புல்லுக்குள்ளை போச்சுது. முந்தி பதினைஞ்சு கவட்டிலை குறியா வைச்ச ஒரு கடதாசிச் சாப்பாட்டுக் கோப்பைக்குள்ளை அஞ்சு அம்பையும் நெருக்கி ஏத்தின மனுசன்!

"என்ன விளையாடுறியளோ?" எண்டு கத்தினன். பக்கத்திலை நிண்ட சீனப் பெடிச்சி திரும்பிப் பாத்தாள்.

இவர் அம்பு பொறுக்கப் போனார். நான் போனை எடுத்து அடுத்த பத்தையும் வீடியோ பிடிச்சன். பிடிச்சதை மெதுவா ஓட விட்டுப் பாத்தால்தான் விளங்கிச்சு. இந்த வில்லிலை நாணை இழுத்தால் நடுவிரல் வாயோரத்திலை வந்து முட்டவேணும். ஒவ்வொருதரமும் அதே இடம். அங்கை நிண்டு, தோள்பட்டை எலும்பு ரெண்டும் முதுகிலை ஒண்டையொண்டு தொடப் போறமாதிரி இறுக்கி, பேந்துதான் விரல் தளரவேணும். இவருக்கு விரல் வாய்க்கு வந்து சேரவே இல்லை. நாலு விரற்கடை இருக்கேக்கையே அம்பு போகுது. கண் குறியைக் கண்ட உடனை விரல் தானா விடுது.

எனக்குச் சிரிப்பும் வந்துது, அழுகையும் வந்துது. உது எனக்குத் தெரிஞ்ச வருத்தம்! தவமணி அன்ரி மஞ்சள் லைற்றைக் கண்டால் உடனை காஸ் பெடலை அமத்துவா. யோசிச்சு இல்லை, பயத்திலை. "எப்பிடியாவது இது முடிஞ்சால் காணும்" எண்டு கால் போகும். மனுசனுக்கும் அதேதான். தோள்மூட்டும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

"நாளைக்கு கராஜிலை நிக்கிறியள். நான் பழக்கிறன்" எண்டன்.

"உமக்கு வில்லைப் பற்றி என்ன தெரியும்?"

"வில்லைத் தெரியாது. பயந்த ஆக்களைத் தெரியும்."

கராஜிலை ரெண்டு அரிசிச் சாக்குக்குள்ளை பழைய துணியெல்லாம் அடைச்சு சுவரோடை வைச்சன். மூண்டு கவடு தூரம், கண்ணை மூடிக்கொண்டு எய்தாலும் தப்பாது. சட்டம் ஒண்டுதான். இவர் இழுத்து, வாயோரத்திலை விரலை வைச்சுக்கொண்டு நிக்கவேணும். நான் "விடுங்கோ" எண்டால் எய்யவேணும். "இறக்குங்கோ" எண்டால் எய்யாமல் நாணை மெதுவா முன்னாலை கொண்டுபோய் வில்லைத் தாழ்த்தவேணும். எது சொல்லுவன் எண்டு முதலே சொல்லமாட்டன்.

முதல் நாளே ஒரு பிரச்சினை. "இறக்குங்கோ" எண்டு நான் மரியாதையாச் சொல்லி முடிக்க முதலே அம்பு அரிசிச் சாக்கிலை நிக்குது. பேந்து மரியாதையை விட்டன். "விடு", "இறக்கு". கட்டின இருவத்தாறு வருஷத்திலை புருஷனை நான் வாய்விட்டு "விடு" எண்டு சொன்னது அண்டைக்குத்தான். பக்கத்து வீட்டு மனுசி கேட்டிருந்தால் என்ன நினைச்சிருப்பாவோ!

பதினொருதரம் "இறக்கு" எண்டன். பதினொருதரமும் அம்பு போச்சு. பன்னிரண்டாவதுக்கு இவர் இழுக்கவே இல்லை. அடுக்கி வைச்சிருந்த விண்டர் ரயரிலை போய் இருந்தார்.

"அன்ரா, அந்த மான் வரேக்கை போன் அடிச்சுக்கொண்டு இருந்தது" எண்டார்.

"என்ன போன்?"

"பொக்கற்றுக்குள்ளை. சத்தம் இல்லை, ஆனால் அதிருது. ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு. எல்லாரும் கேக்கினம், விழுந்திட்டுதோ விழுந்திட்டுதோ எண்டு. தூரம் எண்டு எனக்குத் தெரியும். இருட்டுப்படுது, விட்டால் இண்டைக்கு ஒண்டும் இல்லை, ஒம்பது வீட்டுக்கு என்ன சொல்லுறது எண்டு யோசிச்சன். மானை நான் பாக்கவே இல்லை. இப்ப வில்லை எடுத்தாலே அந்த அதிர்வு வருது. விட்டிடவேணும், முடிச்சிடவேணும் எண்டு விரல் போகுது."

நான் போனை எடுத்துக் குறூப்பைத் திறந்தன். போன நவம்பர், அந்தச் சனிக்கிழமை, பின்னேரம் நாலே முக்கால். "என்ன இன்னும் ஒண்டையும் காணேல்லை, தவமணி அன்ரி சட்டி கழுவி வைச்சிட்டாவாம்" எண்டு ஒரு மெசேஜ். கீழை ஒரு சிரிப்புப் படம். அனுப்பினது நான்.

ஐயோ! பதினெட்டு வருஷமா ஊரிலை உள்ள சனத்தையெல்லாம் "அவசரப்படாதையுங்கோ, அவசரப்படாதையுங்கோ" எண்டு கத்துறன். வீட்டிலை இருக்கிற மனுசனைப் பின்னாலை நிண்டு ஹோர்ன் அடிச்சுத் தள்ளினது நானே.

"நான்தான் பிழை விட்டது" எண்டன். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"நீர் எய்யேல்லையே. எய்தது நான்" எண்டார். கோவமா இல்லை, உள்ளதைச் சொல்லுற மாதிரி. அது இன்னும் குத்திச்சு. அந்த இடத்திலையே குறூப்பை அழிச்சன். தவமணி அன்ரி உடனை போன் எடுத்தா. "மான் இல்லை அன்ரி, ஆட்டிறைச்சி சாப்பிடுங்கோ" எண்டு சொல்லிப்போட்டு வைச்சிட்டன்.

பேந்து ஒவ்வொரு நாளும் வேலையாலை வந்து தேத்தண்ணி குடிச்சவுடனை கராஜ். பத்துக்கு ஆறு "இறக்கு", நாலு "விடு". ஒரு கிழமை வெறும் "இறக்கு" மட்டும், ஒரு அம்பும் எய்ய விடேல்லை. இவருக்கு எரிச்சல் வந்துது. "எய்யாமல் என்னெண்டு எய்யப் பழகிறது?" எண்டு கேட்டார். "பிரேக் பிடிக்கத் தெரியாதவனுக்கு நான் ஹைவே காட்டிறேல்லை" எண்டன். மூண்டாம் கிழமை ஒருநாள் நான் "இறக்கு" எண்ட உடனை வில்லு மெதுவா, வடிவா இறங்கிச்சு. அம்பு நாணிலையே இருந்தது. ரெண்டு பேரும் அதைப் பாத்துக்கொண்டு நிண்டம். எனக்குக் கைதட்டவேணும் போலை இருந்தது, ஆனால் தட்டினால் திடுக்கிட்டு விட்டிடுவார் எண்டு பேசாமல் நிண்டன்.

செப்டெம்பரிலை மறுபடி சீற்றன் பாக். அஞ்சு கவடு, பேந்து எட்டு, பேந்து பன்னிரண்டு. கடதாசிக் கோப்பை முழுவதையும் பாக்காமல், அதிலை ஒரு பொட்டு வைச்சு, அந்தப் பொட்டை மட்டும் பாக்கப் பழகினார். மான் முழுவதையும் பாத்தால் அம்பு மானிலை எங்கையாவது படும், ஒரு மயிரைப் பாத்தால் அந்த மயிரிலை படும் எண்டு இவர் சொன்னார். தூரத்துக்கும் தானே ஒரு எல்லை வைச்சார்: பதினெட்டு கவடு. அதுக்கு மேலை நிண்டால் அது எவ்வளவு பெரிய மானாயிருந்தாலும் தனக்கு மான் இல்லையாம். அம்பு எல்லாம் திரும்பக் கோப்பைக்குள்ளை நெருங்கத் தொடங்கிச்சு. எண்டாலும் பாக்கிலை நான் பக்கத்திலை நிண்டு கத்துறன், கோப்பைக்கு உயிர் இல்லை. காட்டிலை என்ன நடக்கும் எண்டு ஆருக்குத் தெரியும்?

ஒக்ரோபர் கடைசியிலை இவரே சொன்னார். "வாற சனிக்கிழமை ஜெயரட்ணம் அண்ணையிட்டைப் போறன். நீரும் வாரும். காட்டிலை நீர் வாய் திறக்கக் கூடாது. விரல் தானாப் போச்செண்டால், அது பட்டாலும் சரி படாட்டிலும் சரி, வில்லைப் பாக்கிலை பழகிற ஆருக்காவது குடுத்திடுவன். இனித் தொடமாட்டன். இன்னொண்டை அப்பிடிக் கிடந்து சாக விடேலாது."

வில்லில்லாத றெமிஜியஸை நான் அந்த ஒம்பது மாசமும் பாத்தனான். வேலையாலை வந்து, சப்பாத்தோடையே சோபாவிலை இருந்து, நிப்பாட்டிக் கிடக்கிற ரீவியைப் பாத்துக்கொண்டிருப்பார். அந்த மனுசனோடை சாகுமட்டும் இருக்கிறதெண்டு நினைக்கவே பயமாயிருந்தது. சனிக்கிழமை மூண்டு வகுப்பை கான்சல் பண்ணினன்.

தோட்டத்து வேலிக்கு அங்காலை, காடு தொடங்கிற இடத்திலை, கொப்புகளை வைச்சு ஒரு மறைப்புக் கட்டியிருந்தார். விடிய முதலே போய் ரெண்டு கவிட்ட வாளியிலை இருந்தம். போன் ரெண்டும் காருக்குள்ளை. நல்ல குளிர். நான் ரெண்டு மணித்தியாலம் வாய் திறக்காமல் இருந்தது என்ரை சீவியத்திலை அதுதான் முதல்தரம்.

எட்டு மணிபோலை, வெளிச்சம் நல்லா வந்தாப் பிறகு, ஒரு சத்தமும் இல்லாமல் கொம்பன் ஒண்டு வந்து நிண்டுது. எங்கையிருந்து வந்ததெண்டு தெரியாது. முதல் ஒண்டும் இல்லை, பேந்து மான் நிக்குது. இவர் முதலே கவடு வைச்சு அளந்து குத்தியிருந்த தடிக்குப் பக்கத்திலை. பதினாலு கவடு. பக்கவாட்டா, நெஞ்சைக் காட்டிக்கொண்டு, தலையைக் குனிஞ்சு தின்னுது. இதைவிட வடிவா ஒரு மான் நிக்காது.

இவர் மெல்ல எழும்பினார். இழுத்தார். நான் மானைப் பாக்கேல்லை, இவரின்ரை விரலைத்தான் பாத்தன். வருது, வருது, வாயோரத்திலை வந்து முட்டிச்சு. நிண்டுது! ஒண்டு. ரெண்டு. மூண்டு. தோள்பட்டை முதுகிலை இறுகிறது ஜக்கெற்றுக்கு மேலாலை தெரியுது. விரல் போகேல்லை. எனக்குள்ளை ஒரு சத்தம், "விடு! விடு! கடவுளே, விடு!" எண்டு. உதட்டைக் கடிச்சுக்கொண்டு இருந்தன்.

நாலு. அஞ்சு. இவர் வில்லை இறக்கினார்.

மெதுவா, ஒரு சத்தமும் இல்லாமல், நாணை முன்னாலை கொண்டுபோய், அம்பு அப்பிடியே இருக்க, இறக்கினார். எனக்கு வந்த கோவத்துக்கு வாளியோடை இவரைத் தள்ளி விழுத்தியிருப்பன். ரெண்டு மாசம், அரிசிச் சாக்கு, கராஜ், எல்லாம் இதுக்கோ? மான் தலையை நிமித்திப் பாத்துது. வெள்ளை வாலைத் தூக்கிச்சு. ஒரு பாய்ச்சல். போச்சு.

அப்பத்தான் கண்டன். அது நிண்ட இடத்துக்கு நேர் பின்னாலை, சிவத்த இலைப் பத்தைக்குள்ளை, ஒரு பெண்மான் எழும்பி அதுக்குப் பின்னாலை ஓடுது.

"கிட்டத்திலை எய்தால் அம்பு ஒண்டுக்குள்ளாலை வெளிக்கிட்டுப் போயிடும் அன்ரா" எண்டு காதுக்குள்ளை சொன்னார். "முன்னாலை நிண்டது விழுந்திருக்கும். பின்னாலை படுத்துக் கிடந்ததுக்கு எங்கை பட்டிருக்கும் எண்டு தெரியாது. காது ஆடினதைக் கண்டனான்."

நான் காணேல்லை. பழக்கினது நான், "விடு" எண்டு மனசுக்குள்ளை கத்தினதும் நான். அவசரப்பட்டது திரும்பவும் நான்தான். இவரின்ரை கையைப் பிடிச்சுப் பாத்தன். குளிர்ந்து போய் இருந்தது, ஆனால் நடுங்கேல்லை. அப்பாடா எண்டு எனக்குள்ளை ஏதோ கழண்டு விழுந்துது. மனுசன் திரும்பி வந்திட்டார்.

"நிண்டுது, என்ன?" எண்டு கேட்டார். குழந்தைப்பிள்ளை மாதிரி முகம் முழுக்கச் சிரிப்பு. "விரல் நிண்டுது. பாத்தனீரோ?"

"பாத்தனான், பாத்தனான்" எண்டன்.

ஒம்பதரைக்கு ஜெயரட்ணம் அண்ணை ட்ராக்டரிலை வந்தார். வெறும் கையைக் கண்டவுடனை முகம் சுருங்கிச்சு.

"ஒண்டும் வரேல்லையோடாப்பா?"

"வந்தது அண்ணை. நல்ல கொம்பன். பதினாலு கவடு."

"பேந்து?"

"எய்யேல்லை."

"எய்யேல்லையோ? உனக்கென்ன விசரே? என்ரை கத்தரி முழுக்க உதுதான் தின்னுது! பதினாலு கவட்டிலை நிண்டதை விட்டுப்போட்டு வந்து பல்லைக் காட்டுறாய்!"

இவர் இன்னும் சிரிச்சுக்கொண்டுதான் நிண்டார். வில்லைத் தோளிலை கொழுவினார். "அடுத்த சனிக்கிழமையும் வாறன் அண்ணை" எண்டார்.

அடுத்த சனிக்கிழமையும் வாறன் எண்டார். நான் வாளியைத் தூக்கிக்கொண்டு நிண்டவள், அப்பிடியே அதைக் கீழை போட்டிட்டு ஓவெண்டு அழத் தொடங்கினன். அடக்கேலாமல் போச்சு. ஜெயரட்ணம் அண்ணை பயந்துபோய் ட்ராக்டராலை குதிச்சு இறங்கினார்.

"ஏன் பிள்ளை அழுகிறாய்? நான் சும்மா பேசினனான். ஒரு மானுக்கு அழுவினமே? வீட்டை ஆட்டிறைச்சி கிடக்கு, வா, கொண்டு போ."

"இல்லையண்ணை, எனக்குச் சந்தோசம்" எண்டன், மூக்கைத் துடைச்சுக்கொண்டு.

அவர் என்னைப் பாத்தார், இவரைப் பாத்தார். பேந்து தலையை ஆட்டிக்கொண்டு, தேத்தண்ணி போட வீட்டை நடந்தார்.